பச்சை விளக்கு எதை அளக்கிறது?

என் சித்தி மகளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. குழந்தையோடு வீட்டுக்கு வந்த நாட்களில் ஒரு பெட்டியும் வந்து சேர்ந்தது, உறவினர் ஒருவர் அன்போடு வாங்கிக் கொடுத்தது. உள்ளே புற ஊதா விளக்கு இருக்கிறது, ஓசோனும் வரும். பால் புட்டி, நிப்பிள், கிலுகிலுப்பை, கைப்பேசி என்று எதை வைத்து மூடிப் பொத்தானை அழுத்தினாலும் சில நிமிடங்களில் பச்சை விளக்கு எரிந்துவிடும். "பச்சை எரிஞ்சா போதும்தானேக்கா? திரும்பக் கொதிக்க வைக்க வேண்டாம்ல?" என்று ஃபோனில் கேட்டாள். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அன்றைக்கு என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "இப்போதைக்குக் கொதிக்க வை, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

கேள்வி சின்னதுதான், ஆனால் என்னை விடவில்லை. 'அதெல்லாம் ஏமாற்று வேலை, தூக்கி ஓரமாக வை' என்று சொல்லிவிடலாம். அது பொய்யாகிவிடும். புற ஊதா ஒளி கிருமியைக் கொல்லும், ஓசோனும் கொல்லும். பிரான்ஸின் நீஸ் நகரம் 1906இலேயே குடிநீரை ஓசோனால் சுத்திகரிக்கத் தொடங்கியது. 1910இல் மார்செய் நகரில் புற ஊதா விளக்கை வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் நம்பி வரும் முறைகள் இவை. எனக்கு உறுத்தியது அந்தப் பச்சை விளக்குதான். 'முடிந்தது' என்று அது சொல்கிறதே, பெட்டிக்குள் என்ன முடிந்திருக்கிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஒளி கொல்லும் விதம்

புற ஊதா என்ற ஒரே பெயருக்குள் பல வகைக் கதிர்கள் இருக்கின்றன. கிருமி நீக்கத்துக்கு உதவுவது யூவி-சி என்ற பகுதி, அதாவது 280 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம். பாதரச விளக்கிலிருந்து முக்கியமாக வருவது 254 நானோமீட்டர். இதற்காகவே செய்யப்படும் எல்இடிகள் பெரும்பாலும் 265இலிருந்து 280 வரை. சூரியனும் இந்தக் கதிரை வெளியிடுகிறது, ஆனால் வளிமண்டலம் அதைத் தரைக்கு வரவிடாமல் உறிஞ்சிவிடுகிறது. கிருமியின் டிஎன்ஏ இந்த ஒளியை வாங்கும்போது அதன் எழுத்துகளில் ஒன்றான தைமினின், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்ட இடத்தில் டிஎன்ஏவைப் படியெடுக்க முடியாது. பாக்டீரியா அந்த நொடியே உடைந்து சிதறிவிடுவதில்லை. இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் பெருகாது. பெருக முடியாத கிருமியால் தொற்றை உண்டாக்க முடியாது. நமக்கு அது போதும்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல பாக்டீரியாக்களிடம் இந்த ஒட்டலைப் பிரித்துவிடும் நொதி ஒன்று உண்டு, அது வேலை செய்யச் சாதாரண வெளிச்சமே போதும். 1949இல் ஆல்பர்ட் கெல்னரும் ரெனாட்டோ டல்பெக்கோவும் தனித்தனியாக இதைக் கண்டார்கள். புற ஊதா பட்டுச் செத்துவிட்டதாக நினைத்த நுண்ணுயிர்கள், வெளிச்சத்தில் வைத்ததும் கணிசமான எண்ணிக்கையில் மீண்டு வந்தன. இதை மாணவர்களுக்குச் செய்து காட்டும்போதெல்லாம் எனக்கே புதிதாகப் பார்ப்பது போல இருக்கும். பாக்டீரியா பரப்பி ஒரே அளவு கதிர் காட்டிய இரண்டு தட்டுகளில் ஒன்றை இருட்டிலும் இன்னொன்றை ஜன்னலோரத்திலும் வைத்தால், ஜன்னலோரத் தட்டில் பாக்டீரியா பெருகி உண்டான புள்ளிகள் கூடுதலாக இருக்கும். அரைகுறையாக அடி வாங்கிய கிருமி எழுந்து வரும். அதனால் கதிர் பட்டதா என்று மட்டும் கேட்டால் போதாது, எவ்வளவு பட்டது என்றும் கேட்க வேண்டும்.

எவ்வளவு என்பது கதிரின் வலிமையையும் நேரத்தையும் பெருக்கி வருவது. தூறலில் நெடுநேரம் நின்றாலும் கொட்டும் மழையில் கொஞ்ச நேரம் நின்றாலும் நனைவது ஒரே அளவாக இருக்கலாம், அது போலத்தான். இதைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று கணக்கிடுவார்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் ஈ.கோலை போன்ற சாதாரண பாக்டீரியாவுக்கு ஒரு சில மில்லிஜூலே பெரிய அடி. எல்லாக் கிருமியும் அப்படியில்லை. குடிநீரைப் புற ஊதாவால் சுத்திகரிப்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை 99.99 சதவீதம் செயலிழக்கச் செய்ய 22 மில்லிஜூல் போதும் என்கிறது அது. வைரஸ்களில் அதே 99.99 சதவீதத்துக்கு 186 மில்லிஜூல் கேட்கிறது, காரணம் அடினோ வைரஸ்கள் அவ்வளவு கெட்டியானவை. பூஞ்சை வித்துகளும் சில பாக்டீரியாக்களின் வித்துகளும் ஈ.கோலையைவிடப் பல மடங்கு தாங்கும். ஆக, 'கிருமியைக் கொல்லும்' என்று ஒரு பெட்டியில் அச்சிட்டிருந்தால் எந்தக் கிருமியை, எத்தனை மில்லிஜூலில் என்று கேட்காமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது.

99.9 சதவீதம் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து லட்சம் கிருமிகள் இருந்த இடத்தில் 99.9 சதவீதம் போனால் மிச்சம் ஆயிரம். இன்னொரு ஒன்பது சேர்ந்தால் மிச்சம் நூறு. இது மோசமான கணக்கு அல்ல, பல பொருட்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் மிச்சம் எவ்வளவு என்பது தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. கழுவிய புட்டியில் ஆரம்பிப்பதும் பால் காய்ந்து ஒட்டிய புட்டியில் ஆரம்பிப்பதும் ஒன்றாகாது. தொற்றுத் தடுப்பில் வேலை செய்பவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: அழுக்கை எடு, அப்புறம் கிருமி நீக்கு.

மூடி போட்ட தட்டு

இதெல்லாம் எனக்குப் புத்தகமாகத் தெரியும். இருந்தாலும் அவள் வீட்டில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. பெட்டியைக் கொஞ்ச நாள் கொடுத்து அனுப்பச் சொன்னேன். வகுப்பு முடிந்து மாணவர்கள் சிலரும் என்னோடு இருந்துகொண்டார்கள். நோய் உண்டாக்காத ஈ.கோலை வகையை அகர் தட்டுகளில், அதாவது கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டுகளில், சமமாகப் பரப்பினோம். ஒரு தட்டைத் திறந்தபடி விளக்குக்கு நேர் கீழே வைத்தோம். இன்னொன்றில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்தோம். மற்றொன்றை அதன் பிளாஸ்டிக் மூடியைக்கூட எடுக்காமல் வைத்தோம். பெட்டியின் மூலையில் ஒன்று, ஒரு புட்டிக்குப் பின்னால் ஒன்று. ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியே வைத்திருக்கும் நேரக்கணக்கில் ஓடவிட்டோம், ஒவ்வொரு முறையும் பச்சை எரிந்தது. கடைசியாக, பாலில் கலந்த பாக்டீரியாவை ஒரு நிப்பிளின் உட்புறத்தில் தடவிக் காயவிட்டு அதையும் வைத்தோம். எல்லாத் தட்டுகளும் இருட்டில், கிருமி வளர ஏற்ற வெப்பத்தில் வைத்திருக்கும் இன்குபேட்டருக்குள் போயின.

மறுநாள் காலையில் தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தபோது யாரும் பேசவில்லை. விளக்குக்கு நேர் கீழே திறந்து வைத்த தட்டு கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் மட்டும். பெட்டி பொய் சொல்லவில்லை. அட்டை மறைத்த பாதியில் பாக்டீரியா கம்பளம் விரித்தபடி வளர்ந்திருந்தது, அட்டையின் ஓரம் கோடு போட்டது மாதிரி நேராகத் தெரிந்தது. புட்டிக்குப் பின்னால் இருந்த தட்டில் புட்டியின் நிழல் அப்படியே படமாக வந்திருந்தது. மூலைத் தட்டில் நடுத்தரம். நிப்பிளின் உட்புறத்திலிருந்து துடைத்தெடுத்துப் பூசிய தட்டில் வளர்ச்சி அடர்த்தியாக இருந்தது. மூடி போட்ட தட்டில் விளக்கே எரியாதது போல முழுத் தட்டும் வளர்ந்திருந்தது. கண்ணாடி போலத் தெளிந்த மூடி அது. அதன் வழியே தட்டின் அடியில் எழுதிய எண்ணைக்கூடப் படிக்கலாம், ஆனால் யூவி-சிக்கு அது சுவர். ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான், பெரும்பாலான சாதாரண பிளாஸ்டிக்குகளும் அப்படித்தான். இந்த விளக்குகளின் குழாயைக் குவார்ட்ஸில் செய்வதற்கே காரணம் அதுதான். சாதாரணக் கண்ணாடியில் செய்தால் கதிர் விளக்கைவிட்டே வெளியே வராது.

அந்த மூடி போட்ட தட்டுதான் என் குழப்பத்தைத் தீர்த்தது. புட்டி ஒளி ஊடுருவும் பொருளாகத் தெரிகிறது, நீல வெளிச்சம் அதன் உள்ளே வரை மினுங்குகிறது, பார்க்கிறவர் உள்ளேயும் கதிர் போகிறது என்றே நினைப்பார். கண்ணுக்குத் தெரியும் அந்த நீலம் கொல்லும் கதிரே கிடையாது. பாதரச விளக்கு கூடவே வெளியிடும் சாதாரண வெளிச்சம் அது. கொல்லும் கதிரை நம்மால் பார்க்க முடியாது. அது எங்கே போய்ச் சேர்ந்தது, எங்கே நின்றுவிட்டது என்பதும் தெரியாது. பச்சை விளக்குக்கும் தெரியாது. அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். கதிரை உணரும் கருவி எதுவும் உள்ளே இல்லை, ஒரு டைமர்தான் இருந்தது. இத்தனை நிமிடம் ஆகிவிட்டது என்பதைத் தவிர அந்தப் பச்சை வெளிச்சத்துக்குச் சொல்ல வேறு செய்தி கிடையாது.

இதில் என்னை நெகிழவைத்த ஒன்றும் உண்டு. சூரிய ஒளி பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 1877இல் ஆர்தர் டவுன்ஸும் தாமஸ் பிளன்ட்டும் கண்டுபிடித்தபோது செய்ததும் இதே நிழல் சோதனைதான். சத்துக் கரைசல் நிரப்பிய குழாய்களில் சிலவற்றை வெயிலில் அப்படியே வைத்தார்கள், சிலவற்றை ஈயத் தகட்டால் சுற்றி அதே வெயிலில் வைத்தார்கள். வெயில் பட்டவை தெளிவாக இருந்தன, சுற்றி வைத்தவை கலங்கிப் போயின. நிழலில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும் என்பது இந்தத் துறையின் முதல் நாளிலேயே தெரிந்த செய்தி. அதை ஒரு பெட்டியின் அட்டையில் எழுத மட்டும் இத்தனை காலம் ஆகியும் யாருக்கும் மனம் வரவில்லை.

நிழலுக்குள் போகும் வாயு

ஒளியின் இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஓசோனைச் சேர்க்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். வாயுவுக்கு நிழல் கிடையாது, புட்டிக்குப் பின்னாலும் நிப்பிளின் துளைக்குள்ளும் அது நுழையும். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அது. நிலையாக நிற்காது, எதைத் தொட்டாலும் ஓர் அணுவைக் கொடுத்துவிட்டு ஆக்சிஜனாக மாறப் பார்க்கும். பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தொட்டால் சவ்வு சிதையும். கொன்று முடித்த பிறகு மிச்சம் வைக்காமல் ஆக்சிஜனாகிவிடும் என்பதால் தண்ணீர்ச் சுத்திகரிப்பில் அதற்கு நல்ல மதிப்பு.

ஆனால் எதைத் தொட்டாலும் என்பதில்தான் தொல்லையும் இருக்கிறது. ஓசோன் கிருமியைத் தேடிப் போவதில்லை. காய்ந்த பாலைத் தொட்டாலும் அங்கேயே தீர்ந்துபோகும், தூசியைத் தொட்டாலும் தீர்ந்துபோகும். உலர்ந்த காற்றில் அதன் கொல்லும் திறன் குறைவு, ஈரப்பதம் வேண்டும். கழுவிக் காயவைத்த பொருட்களை வைக்கும் பெட்டியில் ஈரப்பதத்தைக் கவனித்துக்கொள்ள யாரும் இல்லை. பாதரச விளக்கைப் பயன்படுத்தும் பெட்டிகளில் இன்னொரு விசித்திரம். அந்த விளக்கின் 185 நானோமீட்டர் கதிர்தான் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை ஓசோனாக்குகிறது, அதே விளக்கின் 254 நானோமீட்டர் கதிர் அந்த ஓசோனை உடைக்கிறது. ஒன்று கட்ட, இன்னொன்று இடிக்க, நடுவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது பெட்டியின் அமைப்பைப் பொறுத்தது. மிஞ்சுவதை அளக்கவும் உள்ளே எதுவும் இல்லை.

ரப்பர் விஷயம் இன்னும் கவலைப்பட வேண்டியது. இயற்கை ரப்பரில் ஓசோன் பட்டால் மெல்லிய வெடிப்புகள் விழும், இழுபட்ட நிலையில் இருந்தால் இன்னும் வேகமாக விழும். டயர்களில் இதைத் தடுக்கவே தனி வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். சிலிகோன் ஓரளவு தாங்கிவிடும், லேடக்ஸ் என்ற இயற்கை ரப்பரில் செய்த நிப்பிள் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு என்றால் பாலும் பாக்டீரியாவும் தங்க ஒரு புது இடம் என்று பொருள். கிருமியை நீக்க வாங்கிய கருவி கிருமிக்கு இடம் செய்து கொடுக்கிறது. பிளாஸ்டிக்குகளும் நாள்பட யூவி-சி பட்டால் மஞ்சளித்து நொறுங்கத் தொடங்கும்.

அப்புறம் மூச்சு. கிருமியின் சவ்வைச் சிதைப்பது நுரையீரலின் உட்சுவரை மட்டும் விட்டுவைக்காது. அமெரிக்காவில் வேலை செய்யும் இடங்களில் எட்டு மணி நேரச் சராசரியாக ஓசோன் 0.1 பிபிஎம்மைத் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆட்கள் இருக்கும் அறைக்குள் மருத்துவக் கருவிகள் வெளிவிடும் ஓசோனால் அறைக் காற்றில் சேரும் அளவுக்கு அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் வைத்த வரம்பு இன்னும் குறைவு, 0.05 பிபிஎம். காற்றில் இருக்கும் கிருமிகளை உருப்படியாகக் கொல்ல வேண்டுமானால் இந்த அளவுகளைப் பல மடங்கு தாண்ட வேண்டும். இதை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்திருக்கிறேன், இதிலிருந்து தப்ப வழியில்லை: பக்கத்தில் நின்று மூச்சு விடும் அளவுக்குக் குறைவாக இருந்தால் கிருமிக்கும் அது பெரிதாக எதுவும் செய்யாது, கிருமியைக் கொல்லும் அளவுக்கு இருந்தால் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள் பயன்படுத்தும் சிபாப் கருவியை ஓசோனாலும் புற ஊதாவாலும் சுத்தம் செய்யும் சாதனங்களைப் பற்றி 2020 பிப்ரவரியில் அதே நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டதும் இதனால்தான். கசிந்தாலோ குழாய்க்குள் தங்கிவிட்டாலோ அது நேராக மூச்சுக்குள்தான் போகும். ஓசோனின் காரமான வாசனை மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், வாசனை போய்விட்டதாகத் தோன்றும், வாயு அங்கேயே இருக்கும். குறைமாதக் குழந்தை தூங்கும் அறையில் அந்தப் பெட்டியைத் திறக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடனே அவளுக்கு ஃபோன் செய்யத் தோன்றியது, செய்தேன்.

நன்றாக வேலை செய்யும் இடங்கள்

இத்தனையும் சொன்னதால் நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகுந்த மரியாதை உண்டு. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் கலந்து நான்கு லட்சம் பேர் வரை நோயுற்றார்கள். குளோரினுக்கு அசையாத ஒட்டுண்ணி அது. 1990களின் இறுதியில், மிகக் குறைந்த புற ஊதா அளவே அதைச் செயலிழக்கச் செய்யும் என்று தெரியவந்தபோது குடிநீர்ப் பாதுகாப்பே ஒரு படி மேலே போனது. தெளிந்த தண்ணீரில் நிழல் குறைவு, ஓட்டத்தின் வேகமும் தெரியும், சென்சார் வைத்துக் கதிரை அளந்துகொண்டே இருக்கிறார்கள். அளவு குறைந்தால் எச்சரிக்கை மணி அடிக்கும். அங்கே எரியும் பச்சை விளக்கை நான் நம்புவேன்.

காற்று இன்னொரு நல்ல இடம். வில்லியம் வெல்ஸ் என்ற ஆய்வாளர் 1930களின் இறுதியில் ஃபிலடெல்ஃபியா பகுதிப் பள்ளி வகுப்பறைகளின் மேற்பகுதியில், பிள்ளைகளின் தலைக்கு மேலே கதிர் படும்படி விளக்குகளை வைத்தார். 1941இல் தட்டம்மை பரவியபோது விளக்கு வைத்த வகுப்புகளில் அது குறைவாகவே பரவியது. அவருடைய மாணவர் ரிச்சர்ட் ரைலி, பால்டிமோரில் காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் கினிப் பன்றிகள் இருந்த அறைக்குள் விட்டுப் பார்த்தார். புற ஊதா காட்டிய காற்றைச் சுவாசித்தவை காசநோயிலிருந்து தப்பின, காட்டாத காற்றைச் சுவாசித்தவற்றில் நோய் வந்தது. காற்றில் மிதக்கும் சின்னஞ்சிறு துகள் ஒளிந்துகொள்ளப் புட்டியும் இல்லை, மூடியும் இல்லை. கோவிட் காலத்தில் வீடு வீடாக, பொருட்களுக்குப் புற ஊதா காட்டும் பெட்டிகள் வந்து இறங்கின. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வைரஸ் பட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு ஒவ்வொரு தொடுதலுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று கணித்தது. பரவியது முக்கியமாகக் காற்றில். இந்த ஒளியின் பலம் முழுவதும் காற்றில் இருக்கும்போது நாம் அதைப் பெட்டிக்குள் அடைத்துக் கைப்பேசிக்குக் காட்டிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

பொருட்களிலும் பலன் உண்டு என்பதற்கு என்னிடம் உள்ள நல்ல சான்று 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. அமெரிக்காவின் ஒன்பது மருத்துவமனைகளில், தொற்று இருந்த நோயாளி அறையைக் காலி செய்த பிறகு வழக்கமான சுத்தத்தோடு புற ஊதா இயந்திரத்தையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். வழக்கமான கிருமிநாசினியோடு புற ஊதாவையும் சேர்த்தபோது, அதே அறைக்கு அடுத்து வந்தவர்களுக்கு மருந்துக்கு மசியாத கிருமிகளின் தொற்று ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. சி.டிஃபிசில் என்ற, வித்தாக மாறித் தப்பிக்கும் பாக்டீரியாவில் மட்டும் பிளீச்சோடு புற ஊதாவைச் சேர்த்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இந்த ஆய்வில் நான் முக்கியமாகப் பார்ப்பது அந்த 30 சதவீதத்தைவிட அவர்கள் வேலை செய்த ஒழுங்கை. முதலில் ஆட்கள் கையால் துடைத்தார்கள். அறையில் யாரும் இல்லை. கதிர் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும் அளவை இயந்திரம் உணர்ந்து, போதுமான அளவு சேர்ந்த பிறகே நின்றது. அளந்தார்கள், அதனால் பலன் கிடைத்தது.

அவளுக்குச் சொன்னது

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தட்டுகளின் படங்களையும் காட்டினேன். அட்டையின் நிழல் கோட்டைப் பார்த்துவிட்டு, "அப்போ உள்ளே ஒண்ணுமே நடக்கலையாக்கா?" என்றாள். நடக்கிறது, நேராக ஒளி படும் இடத்தில் நன்றாகவே நடக்கிறது என்றேன். புட்டியையும் நிப்பிளையும் பிரித்துப் பிரஷ் போட்டுச் சோப்பில் கழுவு, எல்லாம் மூழ்கும்படி தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் கொதிக்க வை, சுத்தமான இடத்தில் காற்றிலேயே காயட்டும் என்றேன். குறைமாதக் குழந்தைகளுக்கும் இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளுக்கும் தினமும் இதைச் செய்யச் சொல்லி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அறிவுறுத்துகிறது. கொதிக்கும் தண்ணீர் துளைக்குள் போகும், மடிப்புக்குள் போகும், பிளாஸ்டிக்கின் இரண்டு பக்கமும் ஒரே சூடு. கொதிக்க வைக்க முடியாத கைப்பேசி, சாவி, மூக்குக் கண்ணாடி போன்றவற்றுக்குப் பெட்டியை வைத்துக்கொள். துடைத்துவிட்டு வை, ஒரு முறை ஓடியதும் திருப்பிப் போட்டு இன்னொரு முறை ஓடவிடு, ஓசோன் பொத்தானைத் தொடாதே என்றும் சொன்னேன். கையில் பிடித்து ஆட்டும் புற ஊதாக் கோல் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றேன். யூவி-சி கண்ணில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்து மணல் விழுந்தது போல எரியும். 2022இல் அப்படிப்பட்ட சில கோல்கள் பாதுகாப்பற்ற அளவில் கதிரை வெளியிடுவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. கையைக் கழுவச் சோப்பு இருக்கும்போது தோலுக்குக் கதிர் காட்டத் தேவையும் இல்லை.

பெட்டியைத் தயாரித்தவர்களுக்கும் எழுதிக் கேட்டேன். ஒரு சோதனைச் சான்றிதழை அனுப்பினார்கள். விளக்குக்கு நேர் கீழே வைத்த தட்டையான பரப்பில், ஈ.கோலை 99.9 சதவீதம் குறைந்தது என்று அதில் இருந்தது. எங்கள் முதல் தட்டும் அதையேதான் சொன்னது, அதனால் அந்தத் தாளோடு எனக்குச் சண்டை இல்லை. பெட்டியின் மிக மோசமான மூலையில் எத்தனை மில்லிஜூல் சேர்கிறது, புட்டிக்குள் எவ்வளவு, பால் ஒட்டிய பரப்பில் எவ்வளவு, கதவைத் திறந்ததும் வெளிவரும் ஓசோன் எத்தனை பிபிஎம் என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. பெட்டி வாங்கப் போகிற யாரும் இதே கேள்விகளைக் கடையிலேயே கேட்கலாம். பதில் எண்ணாக வந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த விளக்குகளின் நீல வெளிச்சம் நாள்பட்டாலும் பெரிதாக மங்குவதில்லை, யூவி-சி மட்டும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். அடுத்த வருடம் பெட்டியை மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதே ஈ.கோலை, அதே அகர், விளக்குக்கு நேர் கீழே அதே இடம். முதல் தட்டின் படத்தை மாணவர்கள் இன்குபேட்டர் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக.